மொச்சையின் சொந்தப் பலம்

பயறு ஆராய்ச்சி என்பது பாதி நாள் ஊறப் போடுவதும் மீதி நாள் அது ஊறிவிட்டதா என்று பார்ப்பதுமான தொழில். வேகாத பருப்போடு அடுப்படியில் மல்லுக்கட்டியவர்கள் அத்தனை பேரும் எங்கள் கூட்டம்தான். ஒரே வித்தியாசம், உங்களுக்குக் கடைசியில் குழம்பாவது மிஞ்சும்.

போடியில் ஒரு கல்லூரியின் வேதியியல் சோதனைச்சாலையைப் பார்த்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவள் நான். ஓய்வுக்குப் பிறகும் கூப்பிட்டு வைத்திருக்கிறார்கள். எந்த அலமாரிக்கு எந்தச் சாவி என்பது வேறு யாருக்கும் தெரியாததுதான் காரணம் என்று நினைக்கிறேன். நானும் மறுக்கவில்லை. வீட்டில் பேச ஆளில்லை. இங்கே கழுவும்போது கண்ணாடிக் குடுவைகளாவது சத்தம் போடும்.

என்னோடு வேலை பார்த்தவள் முருகேஸ்வரி. பக்கத்துச் சிலமலைக்காரி, நாற்பதை நெருங்குகிறவள், ஒப்பந்தத்தில் பாடம் நடத்துகிற விரிவுரையாளர். பயற்றுப் புரதத்துக்கு ஆன்டி-ஆக்சிடன்ட் குணம் எவ்வளவு என்பது அவளுடைய பிஎச்.டி. ஆராய்ச்சி. காலக்கெடுவை ஏற்கெனவே ஒருமுறை நீட்டிக் கொடுத்துவிட்டார்கள். இந்த ஆனி முடிவதற்குள் ஆய்வேட்டை ஒப்படைத்தால் வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் அடுத்த கல்வியாண்டில் அவள் நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். சோதனைச்சாலையில் நாங்கள் பேசிய எல்லாப் பேச்சுக்கும் அடியில் இது ஓடிக்கொண்டிருந்தது.

துரு

எங்கள் கல்லூரிக் காவலாளி மொக்கராசுவுக்கு எதையும் விளக்கமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். "மொச்சையில அப்படி என்னம்மா தேடுறீங்க?" என்று ஒருநாள் வாசலிலேயே நிறுத்திவிட்டார். முருகேஸ்வரி பாடம் நடத்துகிறவள் அல்லவா, நின்று விளக்கினாள். இரும்பு துருப்பிடிக்கிறது, எண்ணெய் காறிப்போகிறது, நறுக்கிய வாழைக்காய் கறுக்கிறது. எல்லாம் காற்றில் இருக்கிற ஆக்சிஜன் செய்கிற வேலை. நம் உடம்புக்குள்ளும் கொஞ்சம் கொஞ்சமாக அதே மாதிரி ஒன்று நடக்கிறது. வயசாவதில் அதற்கும் பங்கு உண்டு. அதை மட்டுப்படுத்துகிற சரக்குக்குப் பெயர்தான் ஆன்டி-ஆக்சிடன்ட். பயற்றுப் புரதத்தைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டினால் அந்தத் துண்டுகளுக்கு இந்தக் குணம் இருக்கிறது.

மொக்கராசு மிகுந்த மரியாதையோடு தலையாட்டிக் கேட்டார். அவள் முடித்ததும் மரத்தடியில் நின்ற தன் பழைய மொபெட்டை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அப்ப அந்த மாவுல ஒரு கை குடுங்கம்மா, சைலன்ஸர்ல தடவிப் பாக்குறேன். மழையில எந்நேரமும் துரு பிடிக்குது."

செம்மண்

எங்களுக்கு மொச்சை தந்தவர் குரங்கணிக்கு மேலே சரிவில் காடு வைத்திருக்கும் பேச்சியம்மா. காப்பிச் செடிக்கும் ஏலக்காய்ச் செடிக்கும் நடுவில் கிடைத்த இடத்திலெல்லாம் மொச்சை ஊன்றி வைத்திருப்பார். கடையில் வாங்கினால் நாலு ஊர்ச் சரக்கு கலந்திருக்கும் என்பதால் ஒரே காட்டுப் பயறாக வேண்டும் என்று அவரைப் பிடித்தோம். முதல் வருஷம் தை மாதம் காய் அடித்ததும் பஸ்சில் ஒரு மூட்டை அனுப்பிவைத்தார். பிரித்துப் பார்த்தால் மொச்சை ஒவ்வொன்றும் செங்கல் பொடியில் புரண்டு எழுந்தது போல இருந்தது. வண்டு விழாமல் இருக்க விதைப் பயறுக்குச் செம்மண் கரைத்துப் பூசிக் காயவைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். எங்களுக்கும் அதே கவனிப்பைச் செய்திருந்தார்.

மேலாகக் கழுவிவிட்டு ஊறப் போட்டோம். அதுதான் பிசகு. எங்கள் சோதனைகளில் ஒன்று, புரதம் இரும்பை எவ்வளவு பிடித்து வைத்துக்கொள்கிறது என்று பார்ப்பது. செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். தோலோடு ஊறியபோது அந்தத் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. நாங்கள் இரும்பு கொடுத்துப் பார்ப்பதற்கு முன்பே மொச்சை வயிறு நிறைய இரும்பு தின்றுவிட்டு வந்திருந்தது. கருவி காட்டியதை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஒரு பருவம் வீண். அடுத்த வருஷமாவது பூசாமல் கொடுங்கள் என்று சொல்ல நேரில் போனோம்.

பேச்சியம்மா முறத்தைக் கீழே வைக்காமலே எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன் ஆத்தா, மண்ணு பூசுனா வேகாதா?"

"நாங்க வேக வைக்க மாட்டோம்த்தா," என்றாள் முருகேஸ்வரி.

"வேக வைக்காம?"

"அரைச்சு, எண்ணெய எடுத்து, கரைச்சு, திரிய வச்சு, வெட்டி, ஒரு சாயத்துல ஊத்திப் பாப்போம்."

"பாத்துட்டு?"

"கீழ கொட்டிருவோம்."

பேச்சியம்மா முறத்தை ஒருதரம் தட்டினார். பதர் பறந்தது.

"படிச்ச புள்ளைக செய்யிற சோலியா இது? எங்காட்டுல பன்னிகூட மொச்சையத் தின்னுட்டுத்தான் போகும்."

ஊதா

மறு வருஷம் பூசாத மொச்சை வந்தது. தோல் உரித்துக் காயவைத்தோம். சோதனைச்சாலை அரைவை இயந்திரம் அந்த வாரம் பார்த்துப் படுத்துவிட்டது. முருகேஸ்வரி மொச்சையைத் தவசியின் மாவு மில்லில் கொடுத்து அரைத்துக்கொண்டு வந்தாள். வழக்கமான வேலைகள் நடந்தன. மாவிலிருந்து எண்ணெயை எடுத்தோம். காரத் தண்ணீரில் கரைத்து, ஒரு சொட்டு ஒரு சொட்டாக அமிலம் விட்டோம். திடீரென்று தண்ணீர் கலங்கும். எலுமிச்சை விட்ட பால் போலப் புரதம் திரிந்து அடியில் படியும். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், அந்த ஒரு கணத்தில் மட்டும் கை தானாக நின்றுவிடும்.

கடைசிச் சோதனைக்கு ஒரு சாயம் உண்டு. நல்ல கத்திரிப்பூ நிறம். புரதத் துண்டுகளை அதில் விட்டால், குணம் இருக்கிற அளவுக்கு ஊதா வெளுத்து மஞ்சளை நோக்கிப் போகும். பயறுகளில் பொதுவாகக் கொஞ்சம் வெளுக்கும், அவ்வளவுதான். அன்றைக்கு முருகேஸ்வரி விட்டதும் ஊதா இருந்த இடம் தெரியவில்லை. எலுமிச்சைச் சாறு போல நின்றது குழாய். திரும்பச் செய்தாள். திரும்பவும் மஞ்சள். மதுரையில் இருக்கிற அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியருக்குக் கிராஃபை அனுப்பினாள். உடனே போன் வந்தது. அவள் அதை ஸ்பீக்கரில் போட்டாள், நானும் கேட்க வேண்டும் என்று. ஒரு ஆசிரியர் தன் மாணவியிடம் அவ்வளவு வாஞ்சையாகப் பேசி நான் கேட்டதில்லை.

"இதாம்மா தீசிஸ். மத்ததெல்லாம் வெறும் பக்கம். உக்காந்து எழுத ஆரம்பி."

பாயசம்

பங்குனியில் நிறம் அளக்கும் கருவியின் விளக்கு மங்கிவிட்டது. பழுது பார்க்கச் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். கருவியின் முதுகைத் திறந்து போட்டுவிட்டு, ஸ்க்ரூ வைக்க இடம் தேடி, பக்கத்திலிருந்த மாவு டப்பாவை நகர்த்தினார். மூடி கொஞ்சம் விலகியிருந்தது. ஒரு கணம் நின்று மூக்கை உறிஞ்சினார்.

"என்ன மேடம், பாயசத்துக்கா?"

"மொச்சை மாவு சார்," என்றாள் முருகேஸ்வரி.

அவர் சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை. டப்பாவை எடுத்து அவள் முகர்ந்தாள். என்னிடம் நீட்டினாள். எனக்கு மாவு வாசனை வந்தது. அவளுக்கும் அதுதான். இதில் வியக்க ஒன்றுமில்லை. ஏலக்காய் மூட்டைகள் வந்து இறங்கும் ஊர் இது. குடோன்களிலும் ரகம் பிரிக்கும் கொட்டகைகளிலும் பஸ்ஸ்டாண்டிலும் அதே காற்று. இங்கே பிறந்தவர்களின் மூக்கு அந்த வாசனையைக் கணக்கில் எடுப்பதை என்றைக்கோ நிறுத்திவிட்டது. என் கணவர் ஆயுள் முழுக்க ஏலக்காய்க் கமிஷன் கடையில் இருந்தவர். வெளியூர் உறவுக்காரர்கள் வந்தால், அவர் உள்ளே நுழையும் முன்பே வாசனை நுழைகிறது என்பார்கள். அவர் இறந்த பிறகு, அவர் சட்டைகள் இருக்கிற அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் முகர்ந்து பார்த்திருக்கிறேன். அவர்கள் சொன்ன வாசனை எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை.

சென்னைக்காரர் விளக்கை மாற்றிவிட்டுக் கை துடைத்துக்கொண்டே, எங்கள் முகங்களைக் கவனிக்காமல் சொன்னார்:

"உங்க ஊர்ல மொச்சைக்கும் ஏலக்காய் போடுவீங்களா மேடம்? நல்லாத்தான் இருக்கும்போல."

தவசி மில்

மாவு மில்லுக்குப் போகிற எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. 'முன்னாடி என்ன அரைச்சீங்க?' என்று கேட்காமல் தூக்குச் சட்டியை இறக்க மாட்டோம். மிளகாய் அரைத்த கையோடு கோதுமை அரைத்தால் சப்பாத்தி தின்ன முடியாது. முருகேஸ்வரியும் அன்றைக்குக் கேட்டுத்தான் கொடுத்திருக்கிறாள். சென்னைக்காரர் கிளம்பிய அன்று மாலை இருவரும் நேரே மில்லுக்குப் போனோம். தவசி பெல்ட்டை நிறுத்திவிட்டு, முகத்து மாவைத் துண்டால் துடைத்தபடி வந்தார்.

"அண்ணே, அன்னைக்கு மொச்சை அரைச்சோம்ல, அதுக்கு முன்னாடி என்ன போட்டீக?"

"நீதான் கேட்டியே தாயி. மொளகா அரைச்சீகளான்னு கேட்ட. இல்லன்னேன். சத்தியமா மொளகா அரைக்கல."

"மொளகா இல்லண்ணே. வேற?"

"வேறன்னா… ஏலத் தொலி வந்துச்சு. டீத்தூளுக்குப் போடுறவுக மூட்டையாக் கொண்டாந்தாக. அதைத்தான் ஓட்டிட்டிருந்தேன்."

முருகேஸ்வரி அங்கிருந்த உமி மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். ஏலக்காய்க்கும் அதன் தோலுக்கும் அந்த ஊதாச் சாயத்தை வெளுக்கும் குணம் நிறைய உண்டு என்பது எங்களுக்குத் தெரியாதது அல்ல. மூன்றாம் ஆண்டு மாணவிகளுக்கு நானே செய்து காட்டியிருக்கிறேன். தெரிந்திருந்தும் கேட்கத் தோன்றவில்லை. ஏனென்றால் போடியில் மாவில் மிளகாய் கலந்தால் தப்பு. ஏலக்காய் கலந்தால் அதற்குப் பெயர் தப்பு இல்லை. தவசிக்கு அவள் முகம் ஏன் அப்படிப் போயிற்று என்று புரியவில்லை. உண்மையாகவே மனம் நொந்துபோய்ச் சொன்னார்:

"ஏலக்காயி ஒரு கெடுதலா தாயி? வெளியூர்க்காரன் காசு குடுத்துப் போடுற வாசத்த நான் சும்மால்ல குடுத்திருக்கேன்!"

பச்சரிசி

சந்தேகத்தோடு தூங்க முடியாது என்பதால் ஒரு சோதனை செய்தோம். தவசியிடமே ஏலத் தொலி ஓடியபின் அந்தக் குணம் அதிகமில்லாத பச்சரிசியைக் கொஞ்சம் போட்டு அரைத்து வாங்கினோம். மொச்சைக்குச் செய்த அத்தனையும் அதற்கும் செய்தோம். எண்ணெய் எடுத்தோம், கரைத்தோம், திரிய வைத்தோம், சாயத்தில் விட்டோம். பச்சரிசியும் ஊதாவை அழகாக மஞ்சளாக்கியது. எங்கள் மொச்சைக்குக் கொஞ்சமும் குறைவில்லை.

முருகேஸ்வரி மதுரைக்குப் போன் போட்டாள். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். பேராசிரியரும் அவளுக்குக் கெடுதல் நினைத்தவர் இல்லை. காலக்கெடு அவருக்கும் தெரியும். புதுசாகத் தொடங்க மொச்சையும் கிடையாது, தை போய்விட்டது என்பதும் தெரியும். கடைசியில் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"முருகேஸ்வரி, ஏலக்காய் வாசனை கிராஃப்ல வராதும்மா."

பஸ்சு

மறுநாள் காலை அவள் சோதனைச்சாலைக்கு வந்தபோது கையில் துணிப்பை இருந்தது. குரங்கணி பஸ்சு எத்தனை மணிக்கு என்று கேட்டாள். நானும் பூட்டிவிட்டுக் கிளம்பினேன். பஸ்சில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். மா மரங்கள் முடிந்து சரிவு தொடங்கும் இடத்தில், காற்று குளிர்ந்தபோது, நான்தான் கேட்டேன்: உன் கைடு சொன்னது போல விட்டுவிட்டால் யாருக்கு என்ன தெரியப்போகிறது?

அவள் என்னைப் பார்க்காமல், வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"எங்கயோ ஒரு ஊர்ல என்ன மாதிரி ஒருத்தி இதப் படிச்சிட்டு மொச்சைய ஊறப் போடுவா டீச்சர். அவளுக்கு மஞ்சள் வராது. தன் கைதான் சரியில்லன்னு நெனச்சு அழுவா."

விதை

பேச்சியம்மா வீட்டில் தின்பதற்கு வைத்திருந்த மொச்சை தீர்ந்துவிட்டது. மிச்சம் இருந்தது அடுத்த விதைப்புக்கு எடுத்து வைத்த விதை மட்டும், செம்மண் பூசி, பானையில் கட்டி வைத்தது. அதைக் கேட்க முருகேஸ்வரிக்கு நா எழவில்லை. விதைப் பயறைத் தின்னக் கேட்பவர்களைக் காடு வைத்திருப்பவர்கள் வாசலில் நிற்க விட மாட்டார்கள் என்பது சிலமலையில் வளர்ந்தவளுக்குத் தெரியும். நடந்ததை மட்டும் சொன்னாள், மில்லிலிருந்து மதுரைவரை. பேச்சியம்மா வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். பச்சரிசி மஞ்சளான இடத்தில் மட்டும் ஒருதரம் சிரித்தார்.

"இந்த வேல இல்லன்னா என்ன செய்வ ஆத்தா?"

"தெரியலத்தா. டியூஷன் எடுக்கலாம். திருப்பூருக்குப் போகச் சொல்றாரு வீட்டுக்காரரு."

பேச்சியம்மா எழுந்து உள்ளே போனார். பானை உருளும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது முந்தானையில் பாதிப் பானை மொச்சை இருந்தது, சிவப்பாக. முருகேஸ்வரியின் பையை வாங்கி அதில் கொட்டினார். அடுத்த விதைப்புக்கு என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டேன். மீதியை ஊன்றினால் காடு பாதியாவது முளைக்கும் என்றார். பிறகு, என்னவோ கணக்குத் தீர்ந்ததுபோல, பையின் வாயை முறுக்கி அவள் கையில் கொடுத்தார்.

"விதையத் திங்கக் கேட்டா ஒரு பயறு குடுக்க மாட்டேன். நீதான் திங்க மாட்டியே, கொண்டு போ. வெரசாப் போ, பஸ்சு போயிரும்."

மூக்கு

செம்மண்ணை இந்தமுறை ஓடும் தண்ணீரில் போகும்வரை கழுவி, தோலை உரித்த பிறகே ஊறப் போட்டோம். அடுத்து அரைப்பது. சோதனைச்சாலை இயந்திரம் இன்னும் எழவில்லை, தவசி மில்லும் கிடையாது. என் வீட்டு மிக்ஸி? என் கணவர் இருந்தபோது அதில் டீக்கு ஏலக்காய் பொடித்திருக்கிறோம். முருகேஸ்வரி வீட்டு மிக்ஸி? அதிலும். பக்கத்து வீடு, எதிர் வீடு, கல்லூரி கேன்டீன், எல்லாவற்றிலும் அப்படியே. போடியில் ஏலக்காய் காணாத மிக்ஸி ஒன்றுகூட இல்லை. புதுசாக ஒன்று வாங்கினோம். அப்போதுதான் பெரிய சங்கடம் ஒன்று தட்டுப்பட்டது. குடுவைகள் சுத்தமா, அலமாரியில் பழைய வாசனை ஒட்டியிருக்கிறதா, மாவில் ஏதாவது ஏறியிருக்கிறதா என்று முகர்ந்து சொல்ல எங்கள் இருவரிடமும் மூக்கு இல்லை. இருந்தவை இரண்டும் போடி மூக்குகள்.

ஆங்கிலத் துறையில் சௌந்தர் என்று ஒருவர் தஞ்சாவூரிலிருந்து புதிதாக வந்திருந்தார். ஊர் வாசனையில் தலைவலிக்கிறது என்று கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி திரிவார். அவரைக் கூப்பிட்டோம். பாவம், நல்ல மனிதர். மதியம் சாப்பிட்டு வந்து ஒவ்வொரு குடுவையாக முகர்ந்து, இது சரி, இது வேண்டாம் என்று தள்ளி வைத்தார். அலமாரியின் மேல்தட்டில் கை வைத்ததுமே முகம் சுளித்தார். திறந்தால், எங்கள் டீச் சாமான்களோடு ஒரு பொட்டலம் ஏலக்காய் இருந்தது. நாங்களே வைத்தது. அன்றோடு சோதனைச்சாலையில் டீயை நிறுத்தினோம். ஒரு வாரம் இப்படிப் போனபின் அவர் முருகேஸ்வரியிடம் முறையிட்டார்:

"மேடம், நான் பிஎச்.டி. பண்ணது இங்கிலீஷ் கவிதையில. ஊருக்குப் போனா எங்கம்மா என்ன வேலை பாக்குறேன்னு கேக்குறாங்க. பாட்டில் மோந்து பாக்குறேன்னா சொல்ல முடியும்?"

வெளுப்பு

வைகாசியில் ஒரு காலை, திரும்பச் செய்த சோதனையின் கடைசிக் குழாய். முருகேஸ்வரி புரதத் துண்டுகளைச் சாயத்தில் விட்டாள். சௌந்தரும் வாசல் பக்கம் நின்று பார்த்தார். ஊதா மஞ்சளாகவில்லை. நெடுநேரம் ஊதாவாகவே இருந்தது. பிறகு, பலமுறை துவைத்த சேலையின் கரைபோல, மெதுவாக, ஓரளவுக்கு வெளுத்து, அதோடு நின்றுகொண்டது. வெட்டாத முழுப் புரதத்துக்கு அதுகூட இல்லை. வெட்டின துண்டுகள் மட்டும் கொஞ்சம் வேலை செய்தன. இரும்புச் சோதனையில் பரவாயில்லை. மொத்தத்தில் மற்றப் பயறுகளுக்கு எவ்வளவோ, இதற்கும் ஏறக்குறைய அவ்வளவு.

அவள் முகத்தில் ஏமாற்றம் இருந்ததா என்று பார்த்தேன், இருந்தது. குழாயை வெளிச்சத்தில் பிடித்து ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் தாங்கியில் வைத்தாள். அப்புறம் உட்கார்ந்து எழுதினாள். மில்லையும் எழுதினாள், பச்சரிசியையும் எழுதினாள், மஞ்சளாகிய பழைய கிராஃபை அது ஏன் தப்பு என்ற விளக்கத்தோடு சேர்த்தாள். மதுரைப் பேராசிரியர் ஆனி மாதம் அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பிடித்துப் போட்டாரா, விதியே என்று போட்டாரா என்று சொல்ல முடியாது. போட்டபின் பேனாவை மூடிக்கொண்டே சொன்னாராம்:

"உன்னைத் தவிர யாரும் மாவு மில்லத் தீசிஸ்ல கொண்டாந்ததில்லம்மா. பாப்போம், கேள்வி கேக்குறவரு எப்படி எடுத்துக்குறாரோ."

அதுக்கு உள்ளது

வாய்மொழித் தேர்வு கார்த்திகையில் நடந்தது. நானும் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கேள்வி கேட்க வந்தவர் வடக்கே ஏதோ பல்கலைக்கழகத்தில் இருக்கும் தமிழர். முடியெல்லாம் நரைத்தவர், கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுபவர். மில் பக்கத்தை வெகுநேரம் படித்தார். நிறுத்தி, முருகேஸ்வரியை நிமிர்ந்து பார்த்தார்.

"முதல்ல வந்த ரிசல்ட் ரொம்பப் பெருசு. இப்ப நீங்க சொல்றது ரொம்பச் சின்னது. இதைச் சொல்லத்தான் இத்தனை வருஷமா? அப்ப இந்த மொச்சைக்கு என்னதாம்மா பலம்?"

முருகேஸ்வரி சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள். பேச்சியம்மா வீட்டு வாசலில் நின்றதுபோலவே நின்றாள்.

"அதுக்கு உள்ளது சார். ஏலக்காயோடது இல்ல."

அலமாரி

வேலை நிலைத்துவிட்டது. அந்த ஞாயிறு முருகேஸ்வரி இனிப்புப் பொட்டலத்தோடு என் வீட்டுக்கு வந்தாள். மூக்கு இல்லாமல் இது நடந்திருக்காது என்று சௌந்தரையும் இழுத்து வந்திருந்தாள். பேச்சியம்மாவின் காட்டில் பாதி விதைதான் ஊன்றினார்களாம், முளைத்தது நன்றாக முளைத்திருக்கிறதாம், சந்தையில் பார்த்தவர் சொன்னார் என்றாள். நான் உள்ளே வரச் சொன்னேன். முருகேஸ்வரி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். சௌந்தர் வாசற்படியிலேயே நின்று, பழக்கதோஷத்தில் கைக்குட்டையை எடுத்தார்.

என் வீட்டில் ஏலக்காய் கிடையாது. தனி ஆளுக்கு டீயில் அதெல்லாம் எதற்கு என்று என் கணவர் போன பிறகு வாங்குவதை விட்டுவிட்டேன். வாசனை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கேட்டேன். சௌந்தர் சோதனைச்சாலையில் செய்வதுபோல ஒரு சுற்றுத் தலையைத் திருப்பி, உள்ளறையைக் கை காட்டினார்.

"அந்த அலமாரியில இருந்து டீச்சர். நல்லாவே வருது. ஏன், உங்களுக்கு வரலையா?"

நான் சிரித்து, அவர்கள் இருவருக்கும் டீ போடப் போனேன். மொத்தத்தில் எங்கள் தொழில், நம் வீட்டில் என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரரைக் கூப்பிட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் தொழில்.